மொட்டை போட்டால் கொடைக்கானல்

கல்லூரியின் கடைசி செமஸ்டரில் ஒரு ஸ்லாம் புக் என் கைக்கு வந்தது. பிடித்த பொழுதுபோக்கு, கனவுச் சுற்றுலா, உங்கள் வீட்டுப் பாரம்பரியம் என்று மூன்று கட்டங்கள். எனக்கு முன்னால் எழுதியவன் முதல் கட்டத்தில் நெட்ஃபிளிக்ஸ், இரண்டாவதில் சுவிட்சர்லாந்து, மூன்றாவதில் ‘ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிடுவோம்’ என்று எழுதியிருந்தான். அவன் வீடு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்திருப்பதே மூன்று மணிக்கு. எனக்கு அந்த மாதிரிப் புளுகு தேவைப்படவில்லை. மூன்று கட்டத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ‘பழனி மலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பையனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வகுப்பில் பேச்சு. பக்தியெல்லாம் இல்லை. பூகோளம்.

மதுரையிலிருந்து பார்த்தால் விஷயம் எளிது. வடமேற்கே ஒரு பெரிய மலைத்தொடர். அதன் வடக்கு அடிவாரத்தில் ஒரு குன்று, குன்றின் மேல் கோவணாண்டியாக முருகன். அதே தொடரின் உச்சியில், ஏழாயிரம் அடி உயரத்தில், கொடைக்கானல். கீழே கோயில், மேலே குளிர். நடுவில் அறுபது சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதை. எங்கள் குடும்பம் இந்தப் பாதையைத் தாண்டி வேறெங்கும் இன்பச் சுற்றுலா போனதாகச் சரித்திரம் இல்லை. இன்பச் சுற்றுலா என்ற பெயரில் இங்கே போனதும் இல்லை.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சந்தோஷத்துக்காக என்று சொல்லிக்கொண்டு யாரும் எங்கேயும் போகக்கூடாது. வேண்டுதலுக்காகப் போகலாம். போன இடத்தில் சந்தோஷம் தற்செயலாகக் கிடைத்தால் குற்றமில்லை. ஆகவே பழனியில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு, ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே மேல ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்’ என்று யாராவது ஒருவர் சொல்வார். ஏதோ அந்த நிமிஷத்தில் தோன்றிய யோசனை மாதிரி எல்லாரும் சம்மதிப்பார்கள். கொடைக்கானலில் ரூம் இரண்டு மாதத்துக்கு முன்பே போட்டிருக்கும். வேனில் ஸ்வெட்டர் மூட்டையும் இருக்கும். சித்திரை வெயிலில் பழனிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இந்த ஏற்பாட்டின் நிதியமைச்சர் என் அப்பத்தா. வேண்டுதல் வைப்பது அவர் அதிகாரம். கட்டுவது என் தலை. எனக்குக் காய்ச்சல் வந்ததற்கு என் முடியை வேண்டிக்கொண்டார், நியாயம். பத்தாம் வகுப்பில் கணக்குத் தேறியதற்கு என் முடி, அதுவும் நியாயம். சித்தப்பா தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு ஏன் என் முடி? அத்தை மகளுக்கு வரன் அமைந்ததற்கு ஏன் என் முடி? கேட்டால், “அவுகளுக்கெல்லாம் வயசாயிருச்சுடா, ஒனக்குத்தான் வெரசா மொளைக்கும்” என்பார். ஊரார் வாங்கிய கடனுக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவியைப் போல நான் வளர்ந்தேன். அப்பா கொஞ்சம் கை இறுக்கம், அதனால் செலவை நினைத்தாவது இது ஓரளவு கட்டுக்குள் இருந்தது. 2021-இல் கோயில்களில் முடிகாணிக்கைக்கு இனிக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. அன்றோடு அதுவும் போயிற்று. அப்பத்தா அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்ததை நான் பாசம் என்றுதான் நினைத்தேன்.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையிலுள்ள உறவு, முடி இருப்பவர்களுக்குப் புரியாது. கீழே மொட்டை போட்டு, சந்தனம் பூசும்போது ஜில்லென்று சுகமாக இருக்கும். அதே தலையோடு மதியம் மலையேறினால், பெருமாள் மலை தாண்டும்போது அந்தச் சுகத்துக்கு மண்டை வட்டியும் முதலுமாகக் கட்டும். முடி என்பது அழகுக்கு இல்லை, போர்வைக்கு என்று ஏழாயிரம் அடியில்தான் தெரியும். கொடைக்கானல் கடைத்தெருவில் குரங்குக் குல்லா விற்பவர்கள் பழனியிலிருந்து வரும் வேன்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். நாங்கள் விலை கேட்பதற்கு முன்பே அளவு பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள்.

நான் பேரம் பேசாமல் இருந்தவன் இல்லை. எல்லா இளைஞர்களையும் போல எனக்கும் சுவிட்சர்லாந்து, பாலி என்று இன்ஸ்டாகிராம் வழியாகக் கனவுகள் இருந்தன. வாயைத் திறந்தால் அப்பா கதை சொல்வார். ஒரே கதைதான். நாரதர் கொண்டுவந்த ஞானப்பழம், உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பரிசு. முருகன் மயிலேறி உலகம் முழுக்கச் சுற்றினார். பிள்ளையார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். “ஆக, பழம் யாருக்குக் கெடைச்சுச்சு?” என்று அப்பா முடிப்பார். பெற்றோரைச் சுற்றினால் போதும், விசாவும் வேண்டாம், விமானச் செலவும் வேண்டாம் என்பது உட்பொருள்.

இந்தக் கதையில் உள்ள ஓட்டையை நான் பிளஸ் டூ படிக்கும்போது கண்டுபிடித்தேன். நிபந்தனை என்ன? உலகத்தைச் சுற்ற வேண்டும். சுற்றியது யார்? முருகன். பாஸ்போர்ட் ஆபீஸாக இருந்தாலும் கிரிக்கெட் மைதானமாக இருந்தாலும் தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்திருக்க வேண்டும். நியாயம் கிடைக்காத பையன் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்து நின்றான். எல்லாருடைய அனுதாபமும் அவனுக்குத்தான். பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் காவடி தூக்கி, காரைக்குடிப் பக்கமிருந்தெல்லாம் நாள் கணக்கில் நடந்து வருகிறார்களே, அது பழம் வாங்கியவரைப் பார்க்கவா, சுற்றுலா போனவரைப் பார்க்கவா? இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதான் அவரு இன்னும் வீட்டுக்குத் திரும்பல பாரு” என்றார். இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அப்பாவை வாதத்தில் ஜெயிக்கலாம், ஆனால் ஊர் சுற்ற நமக்குக் கிடைப்பது அவருடைய பணம்.

சரி, பொழுதுபோக்குக் கட்டத்துக்கு ஏன் மலையின் பெயரை எழுதினேன் என்றால், தென் மாவட்டங்களில் பொழுதுபோக்கு என்பதே அந்த மலையிலிருந்துதான் இறங்கி வந்தது. அப்பா தலைமுறையில் எங்கள் பக்கத்து வீடுகளில் கம்பம் மாதிரி உயரமான ஆன்டெனா நட்டு, இலங்கை ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்தார்களாம். காற்றடித்தால் ஒருவர் மாடியேறித் திருப்ப வேண்டும், ஒருவர் வாசலில் நின்று “தெரியுது, தெரியல” என்று கத்த வேண்டும். பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஊர் முழுக்கப் புள்ளியில்லாமல் தெரிந்தது. அதற்கப்புறம் கொடைக்கானல் பண்பலை, 100.5. மலை உச்சியில் உட்கார்ந்து ஒலிபரப்பினால் எத்தனை மாவட்டத்துக்குக் கேட்கும் என்பதை டீக்கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். காலையில் பால் கறப்பவர், மதியம் தறி நெய்பவர், ராத்திரி லாரி ஓட்டுபவர் என்று எல்லாருக்கும் ஒரே ரேடியோ. நேயர் விருப்பத்தில் தன் பெயர் வந்ததை அப்பா இன்றைக்கும் வேலை கிடைத்ததற்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொள்கிறார்.

ஆகவே வேனில் பாட்டு யாருடையது என்பது பெரிய வழக்கு. ஓட்டுநரிடம் பென் டிரைவ் இருக்கும். என்னிடம் போனில் அனிருத். அப்பாவிடம் 100.5. சீனியாரிட்டியில் அப்பா ஜெயிப்பார். வேடிக்கை என்னவென்றால், எங்கோ தூரத்துக் கிராமங்களில் கணீரென்று கேட்கும் அந்த நிலையம், அது இருக்கும் மலையிலேயே நாங்கள் ஏறும்போது வளைவுக்கு வளைவு கரகரக்கும். மலை குறுக்கே வந்து மறைத்துக்கொள்ளும். அப்பா அதற்கும் அசைய மாட்டார். “இந்தா, அடுத்த வளைவுல வந்துரும்” என்பார். அடுத்த வளைவில் பாட்டு வரும். அதற்கடுத்த வளைவில் என் சித்தி மகனுக்கு வாந்தி வரும். அம்மா எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கில் வைத்து அழுத்துவார். புளிசாதமும் தைலமும் எலுமிச்சையும் கலந்து வேனுக்குள் ஒரு வாசனை கிளம்பும். கண்ணைக் கட்டிவிட்டு என்னை அந்த வாசனையில் விட்டால், எத்தனாவது கொண்டை ஊசி வளைவு என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வேண்டுதல் எதுவும் வைக்காமல் வந்தார்கள். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் சிலர், வெயிலும் நோயும் தாங்காமல் மேலே போய் வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வந்ததும் மதுரையிலிருந்துதான், ஓடியதும் மதுரை வெயிலைப் பார்த்துத்தான். அந்த வகையில் எங்களுக்கு மூத்தவர்கள். ஆனால் அவர்களுக்கு வேன் இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும், ஆள் தூக்கும் டோலியிலும் ஏறியிருக்கிறார்கள். தூக்கியவர்களுக்கு அது சுற்றுலாவாக இருந்திருக்காது. மோட்டார் போகும் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கடலில் கிடந்த படகு ஏழாயிரம் அடி மலையேறிய கதையைக் கேட்ட பிறகு, சித்தி மகன் வாந்தி எடுப்பதை நாங்கள் பெரிதுபடுத்துவதில்லை.

அந்த ஏரியில்தான் எங்கள் குடும்பத்தின் உச்சக்கட்டக் காட்சி நடக்கும். பள்ளிக்கூடத்தில் குறிஞ்சித் திணை நடத்தியபோது மலையும் மலை சார்ந்த இடமும், தெய்வம் முருகன், பறை தொண்டகம் என்று விலாவாரியாகச் சொன்ன தமிழாசிரியர், உரிப்பொருள் வந்ததும் “அதைப் படிச்சுக்கிருங்க” என்று அடுத்த திணைக்குத் தாவிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதைக் கொடைக்கானல் ஏரி சொல்லிவிடும். எங்கு பார்த்தாலும் புதுமணத் தம்பதிகள். மஞ்சள் கயிறு காயாத பெண்ணும் பட்டுச்சட்டையை மாற்றி ஜெர்க்கின் போட்ட மாப்பிள்ளையும் பெடல் படகில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு போவார்கள். அவர்களுக்குப் பின்னால், துடுப்புப் படகில், வரிசையாகச் சந்தன மொட்டைகள் பளபளக்க நாங்கள். முருகனும் எங்களுடையது, காதலும் எங்களுடையது என்று சங்கப் புலவர்கள் இரண்டையும் ஒரே மலையில் வைத்தார்கள். வைத்தவர்கள் இரண்டும் ஒரே ஏரியில் எதிரும் புதிருமாக வரும் என்று யோசிக்கவில்லை. ஒருமுறை அந்த மாப்பிள்ளையின் போட்டோகிராபர் கரையிலிருந்து கூவினார்: “அண்ணே, போட்ட கொஞ்சம் தள்ளுங்கண்ணே, ஃபிரேம்ல மொட்ட வருது!” அப்பத்தா கோபித்துக்கொள்ளவில்லை. “கல்யாணம் ஆன மறுநா முருகன் மொட்டைல முழிச்சுருக்கு, நல்லாருக்கும் அந்தப் புள்ள” என்று ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. தூண் பாறைக்குப் போனோம், மேகம். கோக்கர்ஸ் வாக் போனோம், மேகம். பசுமைப் பள்ளத்தாக்கில் பசுமையும் இல்லை, பள்ளமும் இல்லை, மேகம். நானூறு அடித் தூண் பாறையின் முன்னால் எடுத்த எங்கள் குடும்பப் போட்டோவைப் பார்த்தவர்கள் எந்த ஸ்டுடியோ என்று கேட்கிறார்கள். இந்த லட்சணத்தில், சூரியனை ஆராய்வதற்கு 1899-இல் இங்கே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனிதர்கள் எங்களைப் போல ஒரு நாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. மேகம் விலகும்போதெல்லாம் விடாமல் படம் எடுத்தார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்திருக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் என்பவர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அது இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரால் வழங்குகிறது. இதை நான் உற்சாகமாக விளக்கியபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: “அவுக துணி எப்படிக் காயப்போட்டாக?”

குணா குகை மட்டும் என்னுடைய தேர்வு. வெள்ளைக்காரர்கள் ‘பேயின் சமையலறை’ என்று பெயர் வைத்த இடம். 1991-இல் கமல்ஹாசன் படம் வந்ததிலிருந்து பேயும் போய்ச் சமையலறையும் போய்க் குணா மட்டும் நின்றுவிட்டார். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்து, 2006-இல் அங்கே பள்ளத்துக்குள் விழுந்த நண்பனை மீட்ட கேரளப் பையன்களின் கதையைச் சொன்னது. ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டை ஒரு மலையாளப் படம் மறுபடி வாழவைத்தது. எங்கள் வகுப்பே அழுதுகொண்டு தியேட்டரை விட்டு வந்தது. நான் குடும்பத்தை அங்கே இழுத்துப் போனேன். பைன் மரங்கள், பாம்பு மாதிரி பின்னிக் கிடக்கும் வேர்கள், அப்புறம் ஒரு கம்பி வேலி. குகைக்குள் போக முடியாது, போகக்கூடாது, அதுதான் சரியும்கூட. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூட்டம் கூட்டமாக ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வேலியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார். “கமல் வந்தப்பக் கதவு தெறந்திருந்துச்சு போல” என்றார்.

2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். அப்பா போனை வைத்துக்கொண்டு வேன் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா, “முருகன்ட்டயே உத்தரவு கேட்டாச்சு, இதுக்கு மேல எவன்ட்ட கேக்குற?” என்றார். கடைசியில் கியூ.ஆர். கோடு வந்ததும் அதையும் திருநீறு பூசித்தான் காட்ட வேண்டும் என்றார். போனின் திரையை அம்மா புடவைத் தலைப்பால் துடைத்தார்.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் கண்டுபிடித்தது ஒன்று உண்டு, இதைக் காப்புரிமை இல்லாமல் நாட்டுக்குத் தருகிறேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் பிசைந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் செய்வது. அதற்குப் பேர்போன விருப்பாட்சி மலைவாழை விளைவதும் இதே மலைச்சரிவில்தான். மேலே கொடைக்கானல் பேக்கரிகளில், மிஷன்காரர்கள் காலத்து ருசி மிச்சமிருக்கும் சூடான ரொட்டி. கீழே வாங்கிய டப்பாவைத் திறந்து மேலே வாங்கிய ரொட்டியில் தடவிக் கடித்தால், சாக்லேட் கடைகள் இத்தனை எதற்கு என்று தோன்றும். அப்பத்தா மட்டும் ரொட்டியைத் தொட மாட்டார். பஞ்சாமிர்தத்தைத் தனியாக நக்கிவிட்டு, சாக்லேட்டை வாங்கி இடுப்பில் முடிந்துகொள்வார்.

கடைசி நாள் குறிஞ்சியாண்டவர் கோயில். இது 1936-இல் லீலாவதி ராமநாதன் கட்டியது. வெளிநாட்டில் பிறந்து, இந்து சமயத்துக்கு வந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவர். உலகத்தைச் சுற்றி வந்து முருகனிடம் சேர்ந்த ஒருவர் கட்டிய கோயில் என்று அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அம்மா அதை விரல்விட்டு எண்ணிவிட்டு, “அடுத்து பூக்குறப்ப நீ சோடியா வரணும்” என்று அங்கேயே வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலுக்கும் தலை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அதிசயமாக மேகம் விலகியது. அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். அப்பத்தா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: “பாத்தியா, மேல வந்து நாம என்னென்ன பண்ணுறோம்னு அங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டேதான் இருக்கான்.”

இவ்வளவும் பார்த்து வளர்ந்தவன் என்றைக்காவது அந்தச் சட்டத்தை அவர்கள் பக்கமே திருப்பத்தானே செய்வான்? வேலைக்கான நேர்காணல் நெருங்கியபோது நானே ஒரு வேண்டுதல் வைத்தேன். வேலை கிடைத்தால் குடும்பத்தோடு வந்து மொட்டை போடுகிறேன், ஆனால் பழனியில் இல்லை, பத்துமலையில். மலேசியாவில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில். வாசலில் 140 அடி உயரத்தில் தங்க முருகன், குகைக்கு ஏற 272 படிகள், பக்கத்தில் இரட்டைக் கோபுரம். வேலை கிடைத்தது. ராத்திரி சாப்பாட்டில் வேண்டுதலை அறிவித்தேன். சாமிக்கு நேர்ந்ததை மாற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. அப்பா ரசத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பத்தா, “ஏரோப்ளேன்ல புளிசாதம் விடுவானா?” என்று மட்டும் கேட்டார். மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணைக்கு வந்தவரிடம் அப்பத்தா தைப்பூசம் வரைக்கும் பேசினார்.

அதற்குள் சித்தப்பா வந்து சேர்ந்தார், கையில் போனோடு. சேலத்துக்குப் பக்கத்தில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன், 2022-இல் திறந்தது, 146 அடி. “மலேசியாவ விட ஆறடி உசரம்ணே. செஞ்ச ஸ்தபதியும் அதே ஆளுதான்” என்றார். அப்பா ஒரு வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ரசத்தை ருசித்துக் குடித்தார்.

நான் பத்துமலை என்றுதான் வேண்டினேன் என்று சட்டம் பேசினேன். அப்பத்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அந்த முருகன் வேற, இந்த முருகன் வேறயாடா?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நாத்திகனாக வேண்டும், அல்லது தத்துவ ஆசிரியராக வேண்டும். எனக்கு இரண்டுக்கும் நேரமில்லை. வேன் பேசியாகிவிட்டது. அம்மா ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு கிட்டத்தில்தான் என்று அப்பா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த நிமிஷத்தில் தோன்றிய யோசனை மாதிரி.

பாஸ்போர்ட் நேற்றுத் தபாலில் வந்தது. சேலத்தில் லாட்ஜ் எடுக்க அடையாள அட்டை வேண்டுமாம், அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.